தனி ஊசலில் 9.8 வரவில்லையா? நேரத்தைத் திருத்தாதீர்கள், நீளத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தனி ஊசல் செய்முறையில் ஈர்ப்பு முடுக்கம் 9.58272 மீ/வி² என்று அவளுக்கு வந்திருக்கிறது. நூலின் நீளத்தை 60, 70, 80, 90, 100 செ.மீ. என்று வைத்து, 20 அலைவுகளுக்கு முறையே 31.5, 34.0, 36.3, 38.5, 40.5 வினாடி என்று குறித்திருக்கிறாள். வெர்னியரில் குண்டின் விட்டம் 1.92 செ.மீ. "எல்லாரும் 9.8 வர்ற மாதிரி நேரத்தை மாத்தி எழுதிட்டாங்க, நானும் மாத்திடட்டுமா?" என்று கேட்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தப்பு எங்கே நடந்திருக்கும்? விடையில் எத்தனை இலக்கம் எழுத வேண்டும்?
வாசகி, கும்பகோணம்

பதில்:

முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்த நேரங்களில் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். அவை நல்ல ரீடிங்குகள். இருபது வருடத்துக்கு மேல் லேபில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சீரான நேரங்களை எடுக்கப் பொறுமை வேண்டும். பிழை நேரத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. எவ்வளவு பிழை என்பதையும் அவள் எழுதிய எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

எப்படி என்று பார்ப்போம். சூத்திரம் தெரிந்ததுதான்: நீளத்தை 39.48 ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். (பையின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வருவதுதான் 39.48.) முதல் வரிசையில் 31.5ஐ 20ஆல் வகுத்தால் 1.575 வினாடி. அதன் வர்க்கம் 2.4806. நீளம் 0.60 மீட்டர். விடை 9.55. மற்ற நான்கையும் இப்படியே போட்டால் 9.56, 9.59, 9.59, 9.63 என்று வருகின்றன. இவற்றின் சராசரிதான் அவள் எழுதிய 9.58.

சராசரி எடுத்துவிட்டதால்தான் விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அந்த ஐந்து எண்களையும் வரிசையாக இன்னொரு முறை படியுங்கள். ஐந்துமே குறைவாக இருக்கின்றன, ஒன்றுகூட 9.8ஐத் தாண்டவில்லை. அப்புறம், நூல் நீள நீள விடை மெல்ல மேலே ஏறுகிறது.

கடிகாரத்தை அழுத்தும்போது கை கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதனால் வரும் பிழை இரண்டு பக்கமும் சிதறும். சில விடைகள் கூடும், சில குறையும். பாடப்புத்தகம் இதை ஒழுங்கற்ற பிழை என்கிறது. எல்லா விடையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது முறையான பிழை. ஒரே தவறு ஒவ்வொரு தடவையும் அப்படியே திரும்ப நடந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே நூல் நீளமாக ஆக அதன் பாதிப்பு குறைகிறது. மாறாத ஒரு சிறு நீளம் எல்லா வரிசையிலும் விட்டுப்போயிருந்தால்தான் இப்படி வரும். ஒன்றரை செ.மீ. விட்டுப்போனால் அறுபதில் அது இரண்டரை சதவீதம், நூறில் ஒன்றரை சதவீதம்தான்.

விட்டுப்போனது எது? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "நூலின் நீளம்". ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் அல்ல. நூலைப் பிடித்திருக்கும் தக்கையின் கீழ் விளிம்பிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தூரம் அது. முடிச்சோடு அளவு நின்றுவிட்டால் குண்டின் கொக்கியும் ஆரமும் கணக்கில் வராது. விட்டம் 1.92 என்றால் ஆரம் 0.96. கொக்கி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, நான் பார்த்த குண்டுகளில் அரை செ.மீ. போல இருக்கும். இரண்டும் சேர்த்து 1.46 செ.மீ. இதை ஒவ்வொரு நீளத்தோடும் கூட்டி மறுபடி கணக்கிட்டேன்: 9.78, 9.76, 9.76, 9.74, 9.77. மேலே ஏறும் போக்கு போயே போய்விட்டது. சராசரி 9.76. நேரத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

குண்டின் விட்டத்தை வெர்னியரில் இரண்டு தசம இலக்கம் வரை கவனமாக அளந்துவிட்டு, அதை நீளத்தோடு கூட்டாமல் விடுவது உங்கள் மகள் மட்டும் செய்கிற தவறு இல்லை. ஏன் அளக்கிறோம் என்று சொல்லித்தராமல் விட்டால் வெர்னியர் ஒரு சடங்காகத்தான் இருக்கும்.

கொக்கியின் நீளத்தை நான் உத்தேசமாகத்தான் வைத்தேன், அதை அப்படியே எழுதிவிட வேண்டாம். அடுத்த லேப் நாளில் குண்டைத் தொங்கவிட்டு அளக்கச் சொல்லுங்கள். மேசைமேல் நூலை நீட்டி வைத்து அளந்தால், குண்டின் எடையில் நூல் இழுபடுவது கணக்கில் வராது. ஒரு அட்டையைக் குண்டின் அடியில் தொடும்படி படுக்கையாகப் பிடித்து, தக்கையின் கீழ் விளிம்பிலிருந்து அட்டை வரை மீட்டர் அளவுகோலால் அளந்து, அதிலிருந்து ஆரத்தைக் கழித்துவிட்டால் போதும். கொக்கியைத் தனியாக அளக்கும் வேலையே இல்லை. கண் அளவுகோலின் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு அளவு, கீழிருந்து பார்த்தால் இன்னொரு அளவு என்று ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எளிதாக விலகும். இடமாறு தோற்றப்பிழை என்று படித்திருப்பாள், அது இதுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. வரைபடத் தாளில் கிடையாக அலைவு நேரத்தின் வர்க்கத்தையும் செங்குத்தாக அவள் எழுதிய அதே நூல் நீளத்தையும் வைத்துப் புள்ளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழும். முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நடுவே நீளம் 40 செ.மீ. கூடியிருக்கிறது, நேரத்தின் வர்க்கம் 2.48லிருந்து 4.10க்குப் போயிருக்கிறது, அதாவது 1.62 கூடியிருக்கிறது. 40ஐ 1.62ஆல் வகுத்து 39.48ஆல் பெருக்கினால் 975 செ.மீ./வி², அதாவது 9.75 மீ/வி². கொக்கியையும் ஆரத்தையும் கூட்டாமலே சரியான விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இரண்டு நீளத்திலும் ஒரே அளவு விட்டுப்போயிருந்தால் கழிக்கும்போது அது அடிபட்டுப் போய்விடுகிறது. கோட்டைக் கீழே நீட்டிப் பாருங்கள், அது சுழிப் புள்ளி வழியாகப் போகாது. நீள அச்சைச் சுழிக்குக் கீழே ஒன்றேகால் செ.மீ. அளவில் வெட்டும். காணாமல் போன நீளம் அதுதான். 1.46க்கும் 1.25க்கும் உள்ள வித்தியாசம், ஐந்தே புள்ளிகளை வைத்துக் கோட்டை அவ்வளவு தூரம் நீட்டுவதாலும், கொக்கியை நான் உத்தேசமாக வைத்ததாலும் வரக்கூடியது.

சரி, எத்தனை இலக்கம் எழுதுவது?

கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டும். அவள் கடிகாரத்தில் படித்தது மூன்று இலக்கம்: 36.3. மூன்று இலக்கத்தை உள்ளே போட்டு ஆறு இலக்கத்தை வெளியே எடுக்க முடியாது. நடு வரிசையை வைத்துப் பிழையைக் கணக்கிடலாம். நேரத்தில் 0.1 வினாடி பிசகலாம் என்று வைத்தால் 36.3ல் அது 0.28 சதவீதம். சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் இரட்டிப்பாகி 0.55 ஆகிறது. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 81.46 செ.மீ.யில் 0.12 சதவீதம். மொத்தம் 0.67 சதவீதம். 9.76ல் அது 0.07. பிழையை ஒரு இலக்கத்துக்குச் சுருக்கிக்கொண்டு, விடையை அதே தசம இடத்தோடு நிறுத்த வேண்டும். ஆக, 9.76 ± 0.07 மீ/வி². அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் எது பெரியது என்று கவனியுங்கள். நேரம்தான். வெர்னியர் அளவீட்டில் 0.01 செ.மீ. தப்பினால் இறுதி விடையில் தெரியக்கூட தெரியாது. நேரத்தில் ஒரு கால் வினாடி தப்பினால் தெரியும். அதனால்தான் ஒரே அலைவை அளக்காமல் 20 அலைவுகளை அளக்கிறோம். கையால் வரும் பிழை அதே 0.1 வினாடிதான், ஆனால் அது இருபதாகப் பங்கு போடப்படுகிறது.

பழைய விடையையே வைத்துச் சராசரி தனிப்பிழை (ஐந்து விடைகளும் தங்கள் சராசரியிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்பது) கண்டிருந்தால் 9.58 ± 0.02 என்று வந்திருக்கும். பார்க்க எவ்வளவு நேர்த்தியான விடை! ஆனால் அந்த 0.02, ஐந்து விடைகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும்தான் சொல்கிறது. முள் ஏற்கெனவே ஐம்பது கிராம் தள்ளி நிற்கிற தராசில் பத்து முறை நிறுத்தாலும் பத்து முறையும் ஒரே எடைதான் காட்டும், எல்லாமே தப்பு. நுட்பம் (அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது) வேறு, துல்லியம் (உண்மையான மதிப்புக்குப் பக்கத்தில் இருப்பது) வேறு என்று பாடத்தில் வருகிற இடம் இதுதான். எத்தனை முறை சராசரி எடுத்தாலும் முறையான பிழை குறையாது. அதைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் நீக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் எட்ட வேண்டிய எண் 9.8 என்று யார் சொன்னது? 1901ல் பன்னாட்டு மாநாட்டில் நிர்ணயித்த தர மதிப்பு 9.80665. அது ஒப்புக்கொண்ட ஒரு எண், உங்கள் ஊரில் அளந்தது அல்ல. நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 9.78, துருவத்தில் 9.83. தமிழ்நாட்டுச் சமவெளியில் 9.78தான். அவளுடைய 9.76 ± 0.07 அதைத் தாராளமாக உள்ளடக்குகிறது. 9.80 வரும்படி நேரத்தைத் திருத்திய பிள்ளைகள் உங்கள் ஊரில் இல்லாத ஒரு மதிப்புக்காகத் திருத்தியிருக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் முதன்முதலில் தெரியவந்ததே ஒரு ஊசலால்தான். 1672ல் ஜான் ரீஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தோடு தென் அமெரிக்காவில் உள்ள கேயென் என்ற ஊருக்குப் போனார். அது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் போலப் பின்தங்கியது. சரியாக ஓட ஊசலை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குட்டையாக்க வேண்டியிருந்தது. பாரிஸ் அளவுதான் சரி, நம் கைதான் பிசகியது என்று அவர் எண்களைத் திருத்தவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதினார். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் தட்டையானது என்ற வாதத்துக்கு நியூட்டன் அந்த அளவீட்டைத்தான் எடுத்துக்கொண்டார். உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு வரும் விடைகளிலும் தடயம் இருக்கும். விடை 10.8 பக்கம் வந்தால் எண்ணிக்கையைச் சந்தேகப்படுங்கள். கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்தால் இருபது சொல்லும்போது பத்தொன்பது அலைவுதான் முடிந்திருக்கும். "சுழி" என்று சொல்லி ஆரம்பிக்க வேண்டும். ஒரு அலைவு கூடுதலாகப் போயிருந்தால் 8.9 வரும். குண்டை அதிகம் இழுத்து விட்டாலும் விடை குறையும். 20 டிகிரி சாய்த்தால் ஒன்றரை சதவீதம் குறைந்துவிடும், 5 டிகிரியில் 0.1 சதவீதம்தான். ஒரு மீட்டர் நூலுக்கு 5 டிகிரி என்பது ஏறக்குறைய 9 செ.மீ., அதற்குமேல் இழுக்க வேண்டாம். நேரத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் குண்டு நடுவைக் கடக்கும்போது இருக்கட்டும். ஓரத்தில் அது தயங்கி நின்று திரும்புவதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

978 என்று வந்தால் அது செ.மீ. கணக்கு, அலகை மட்டும் சரியாக எழுதினால் போதும். சூத்திரமே மறந்துபோனால், எது மேலே எது கீழே என்பதைப் பரிமாணம் சொல்லிவிடும், ஏனென்றால் முடுக்கம் என்பது நீளத்தை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. ஆனால் 39.48 என்ற எண்ணைப் பரிமாணத்தால் தர முடியாது. கொக்கி விட்டுப்போனதையும் அது கண்டுபிடிக்காது, கொக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீளம் நீளம்தானே.

அப்சர்வேஷன் நோட்டில் பழைய நீளங்களை அழிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து "குண்டின் மையம் வரை நீளம்" என்று தலைப்பிட்டு, புதிதாக அளந்ததை எழுதட்டும். கீழே ஒரே வரி போதும்: "முதலில் முடிச்சு வரை மட்டும் அளந்ததால் விடை குறைவாக வந்தது, ஆரமும் கொக்கியும் சேர்த்துத் திருத்தப்பட்டது." தேர்வாளர் கேட்டால் அந்த ஐந்து எண்களும் எப்படி ஏறின என்று அவளே விளக்கட்டும்.