கட்டு மாற்றும்போது பாட்டுக் கேட்கலாமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண், ஒருநாள் விட்டு ஒருநாள் தருமபுரிக்குப் போய்க் கட்டு மாற்றுகிறோம், பஸ் ஏறும்போதே பயந்து போகிறார், ஹெட்போனில் பாட்டுப் போட்டுவிட்டால் வலி குறையுமா?

குறையும், ஆனால் அடியோடு போகாது. 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை 70க்கும் மேற்பட்ட ஆய்வுகளை, கிட்டத்தட்ட 7000 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஆபரேஷனை ஒட்டிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன, வலி மருந்தும் கொஞ்சம் குறைவாகவே தேவைப்பட்டது. கட்டு மாற்றுவது ஆபரேஷன் இல்லைதான். ஆனால் 'இப்போ வலிக்கப் போகுது' என்று உடம்பை இறுக்கிக்கொண்டு படுத்திருப்பவருக்கு வலி கூடுதலாகத் தெரிவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அந்தக் கவனத்தைத்தான் பாட்டு கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்கிறது.

அதனால் கத்தரிக்கோலை எடுத்த பிறகு போனைத் தேடாதீர்கள், வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். என்ன பாட்டு? மெதுவான, வார்த்தை இல்லாத இசைதான் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்பாவையே கேளுங்கள் என்பேன். விடிய விடிய தெருக்கூத்து பார்த்து வளர்ந்த மனிதருக்கு வீணையைப் போட்டால் எரிச்சல்தான் வரும். கூத்துப் பாட்டுதான் வேண்டும் என்றால் அதையே போடுங்கள், காலால் தாளம் போடாமல் இருந்தால் சரி.

பாட்டை முன்னாடியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் சரியாகத் துணியைப் பிரிக்கிற நேரத்தில் யூடியூப் விளம்பரம் கத்தும். ஒரு காதில் மட்டும், சத்தம் குறைவாக. நர்ஸ் 'காலைத் திருப்புங்க' என்பது காதில் விழ வேண்டும்.

இன்னொன்று. வலி அதிகம் வருவது ஒட்டிப்போன பழைய துணியை எடுக்கும்போதுதான். சலைன் (ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் சுத்தமான உப்பு நீர்) ஊற்றி ஊறவிட்டு எடுக்கச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள், தயங்காதீர்கள், இது எந்தப் பாட்டையும்விட உதவும். முன்கூட்டியே வலி மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், சில வலி மாத்திரைகள் சர்க்கரை நோயாளியின் கிட்னியைக் கெடுத்துவிடும். அப்புறம், வலி திடீரென்று கூடினாலோ, புண்ணைச் சுற்றிச் சிவந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, அடுத்த கட்டு நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.