கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் விட்ட கையைக் காட்டும் தெர்மல் கேமரா, கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டாதது ஏன்?

கேள்வியில் உள்ள இரண்டும் உண்மைதான். தொழிற்சாலைகளின் மின் பேனல்களைத் தெர்மல் கேமராவால், அதாவது சூட்டைப் படமாக்கும் கேமராவால், சோதிப்பது என் வேலை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் இந்த இரண்டையும்தான் செய்து காட்டுவேன்.

நம் உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் 9 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள அலைநீளங்களில் உச்சம் பெறுகிறது. பெரும்பாலான கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள கதிர்களைப் பதிவு செய்கின்றன. சாதாரணக் கண்ணாடியில் உள்ள சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்புகள் அந்தக் கதிர்களையே விழுங்கிவிடுவதால், ஜன்னலுக்கு அப்பால் இருப்பவர் தெரிவதில்லை. கண்ணாடியின் சொந்தச் சூடும், கேமராவைப் பிடித்திருப்பவரின் மங்கலான பிம்பமும்தான் திரையில் விழுகின்றன. அதனால்தான் கேமராவின் லென்ஸையே ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். நம் கண்ணுக்கு அது ஊடுருவ முடியாத சாம்பல் நிற உலோகத் துண்டு. பாலித்தீனோ கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த எளிய சங்கிலி என்பதால், அந்த அலைநீளங்களில் அது அதிகம் உறிஞ்சுவதில்லை; மெல்லிய குப்பைப் பையின் கறுப்பு நிறம் நம் கண்ணை மறைக்கும் அளவுக்குக் கேமராவை மறைப்பதில்லை. ஆனால் தடித்த பாலித்தீன் வாளி மறைக்கும். பேனல்களில் மாட்டும் அக்ரிலிக் மூடி கண்ணாடியைப் போலவே முழுத் தடை. அந்த மூடியைக் கழற்றாமல் படம் எடுத்து "கோளாறு இல்லை" என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். துணிக்கு அப்பாலும் கேமரா பார்ப்பதில்லை, உடல் சூட்டால் துணி எந்த அளவுக்குச் சூடாகியிருக்கிறதோ அதையே காட்டுகிறது. நீரும் அப்படியே, ஈரக் கையில் தெரிவது தோலின் சூடன்று, ஆவியாகிக் குளிர்ந்துகொண்டிருக்கும் நீர்ப்படலத்தின் சூடு.

உண்மையில் ஆளை ஏமாற்றுவது பளபளப்பான உலோகம். ஒரு புதிய எவர்சில்வர் பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அதன் வெளிப்பக்கத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அழுத்தி ஒட்டிவிட்டுக் கேமராவில் பார்த்தால், டேப் 90 டிகிரிக்கு மேல் காட்டும்போது அதற்கு ஒரு விரற்கடை தள்ளியுள்ள எவர்சில்வர் 45 டிகிரியைச் சுற்றியே காட்டும். இரண்டுமே கையைச் சுடும். கேமரா வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை, வந்து சேரும் கதிரை வைத்துக் கணக்கிடுகிறது. அதே சூட்டில் முழுக் கறுப்பான பரப்பு வீசும் கதிரில் எத்தனை பங்கை ஒரு பரப்பு வீசுகிறது என்பதே அதன் உமிழ்திறன். டேப்பின் உமிழ்திறன் ஏறத்தாழ 0.95, மெருகேறிய செம்புக்கோ அது 0.05 அளவே. சூடான நீர் நிரப்பிய உலோகக் கனசதுரத்தின் பக்கங்களில் ஒன்றைக் கறுப்பாக்கியும் ஒன்றைப் பளபளப்பாக விட்டும், கறுத்த பக்கமே மிகுதியாகக் கதிர் வீசுகிறது என்று ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி 1804 வாக்கில் காட்டியது இதைத்தான்.

உமிழ்வது குறைவான பரப்பு, சுற்றியிருப்பதை அதிகம் பிரதிபலிக்கும். வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையின் புத்தம் புதிய செம்பு பஸ்பாரில் (பேனலுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பட்டை) 36 டிகிரியில் ஒரு புள்ளி கண்டேன். மற்ற இடமெல்லாம் 30. நட்டு தளர்ந்து இணைப்பு சூடாகிறது என்று முடிவுகட்டி ஷட்டவுன் கேட்டு, ஆலைக்காரர்கள் முகம் சுளித்தபடி மின்சாரத்தை நிறுத்த, எல்லா நட்டுகளும் இறுக்கமாக இருந்தன. திரும்பக் கேமராவை எடுத்தபோதுதான் கவனித்தேன்: மின்சாரமே ஓடாத பஸ்பாரில் அந்தப் புள்ளி அப்படியே இருந்தது, நான் இடப்பக்கம் சாய்ந்தால் அதுவும் சாய்ந்தது. செம்பில் தெரிந்தது என் முகம். அந்த ஷட்டவுனை வீணாக்காமல், ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் டேப் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை அந்தத் துண்டுகளின் மேல்தான் அளவு எடுத்தேன்.