நல்ல முகம் தேவையா? – கடிதம்

வணக்கம்.

நாங்கள் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர். விசாரணைக் கைதிகளுக்கு வாக்குரிமை வேண்டும் என்று ஒரு இயக்கம் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டிவியும் பத்திரிகையும் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் ஒரு நல்ல முகம் வேண்டும், பார்த்தவுடன் இரக்கம் வருகிற ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். பிரிட்டனில் கைதிகளுக்கு ஓட்டுக் கேட்டுப் போராடிய ஜான் ஹர்ஸ்டின் வழக்கைப் படித்தபோது எனக்கும் அதுவே சரி என்று பட்டது. கொலை செய்த ஒருவர் முன்னால் நின்றதால்தானே அங்கே காரியம் கெட்டது? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

இதை நீங்கள் கையில் எடுத்திருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் நல்ல முகம் தேடும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. ஹர்ஸ்ட் வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு பாடம்.

நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஹர்ஸ்ட் 1979-ல் தான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பெண்மணியைக் கோடாலியால் கொன்றவர். அவருடைய மனநிலையைக் கணக்கில் எடுத்து, கொலைக்கு ஒரு படி கீழான குற்றமாக அதை ஏற்று, 1980-ல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சிறைக்குள் உட்கார்ந்து தானாகவே சட்டம் படித்தார். தண்டனைக் கைதிகள் யாருமே ஓட்டுப் போடக்கூடாது என்ற பிரிட்டிஷ் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 2001-ல் உள்நாட்டில் தோற்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2005 அக்டோபர் 6-ஆம் தேதி, 12-க்கு 5 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எல்லாக் கைதிகளுக்கும் ஓட்டுக் கொடு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. என்ன குற்றம், எவ்வளவு தண்டனை என்று எதையும் பார்க்காமல் மொத்தமாக எல்லோரையும் தடுப்பது தவறு என்றுதான் சொன்னது.

இதற்குப் பிறகுதான் ஊடக வெளிச்சம் வந்தது. சிறையிலிருந்து வெளியே வந்திருந்த ஹர்ஸ்டை டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். பத்திரிகைகள் அவரைக் கோடாலிக் கொலைகாரன் என்றே எழுதின. 2010-ல் அரசு பணிந்துபோகும் என்று செய்தி வந்தபோது அவர் ஷாம்பெய்னோடு கொண்டாடி ஒரு வீடியோ போட்டார். கைதிகளுக்கு ஓட்டு என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கெட்டுவிடுகிறது என்று பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்திலேயே பேசினார். 2011 பிப்ரவரியில் தடை தொடர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 234 பேர், எதிராக வெறும் 22 பேர்.

இத்தனை சத்தத்திலும் அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பது பேச்சின் நடுவில் வரவே இல்லை என்பதுதான் என் வருத்தம். தேர்தலுக்கு மறுநாள் இரண்டு வருடத் தண்டனையில் உள்ளே போகிறவர் அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்குள் வெளியே வந்துவிடலாம், ஒரு ஓட்டும் போகாது. தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரு மாதத் தண்டனை வாங்கியவருக்கு ஓட்டு போச்சு. அபராதம் கட்டாமல் உள்ளே இருப்பவருக்கு ஓட்டு உண்டு. தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் உண்டு. இதில் என்ன நியாயம் என்று கேட்டிருந்தால் கேமரனும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி ‘இந்த ஆளுக்கா ஓட்டு?’ என்பது. அதற்கு ஊரே பதில் சொல்லிவிட்டது.

ஹர்ஸ்ட் மீது பழி போட எனக்கு மனமில்லை. அவர் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பே இல்லை. கனடாவில் 2002-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், எல்லாக் கைதிகளுக்கும் வாக்குரிமை வாங்கித் தந்த ரிச்சர்ட் சோவேயும் கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்தான். உரிமை பறிபோனவர்தானே வழக்குப் போட முடியும்?

சரி, நல்ல முகம் கிடைத்துவிட்டால்? அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பாருங்கள். தண்டனை முடித்து வெளியே வந்த பிறகும் அங்கே ஓட்டு இல்லாமல் இருந்தது. டெஸ்மண்ட் மீட் என்பவர் சிறைக்குப் போய், வீடில்லாமல் திரிந்து, பிறகு சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். மனிதருக்கு இரண்டாவது வாய்ப்பு வேண்டாமா என்று அவர் கேட்டதில் எல்லாக் கட்சிக்காரர்களும் கரைந்தார்கள். மாநில அரசியலமைப்பைத் திருத்தி அந்த ஓட்டைத் திருப்பிக் கொடுக்க 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 64 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. எனக்கு அவர்மேல் நிறைய மரியாதை. ஆனாலும் அந்தத் திருத்தம் கொலைக் குற்றத்திலும் பாலியல் குற்றத்திலும் தண்டிக்கப்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டது. இரக்கத்தைக் கேட்டு வாங்கும்போது, இரக்கம் வராதவர்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அடுத்த வருடமே சட்டமன்றம், நீதிமன்ற அபராதமும் கட்டணமும் முழுக்கக் கட்டினால்தான் ஓட்டு என்று இன்னொரு பூட்டும் போட்டது.

அயர்லாந்து 2006-லேயே பெரிய ஆர்ப்பாட்டம் எதுவுமில்லாமல் சட்டத்தைத் திருத்தி, கைதிகள் தபால் ஓட்டுப் போட வழி செய்துவிட்டது. ஓட்டு அவரவர் சொந்தத் தொகுதியில் சேரும். சிறை இருக்கிற ஊரின் முடிவைக் கைதிகள் மாற்றிவிடுவார்கள் என்ற பயத்துக்கே அங்கே இடமில்லை.

இப்போது நம் விஷயம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவை நீங்கள் படித்திருப்பீர்கள். தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, போலீஸ் காவலில் இருப்பவர், யாருக்கும் ஓட்டு இல்லை. நம் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஜாமீன் வாங்கி வெளியே இருப்பவர் பூத்துக்குப் போய் ஓட்டுப் போடலாம். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர், குற்றம் நிரூபிக்கப்படாத நிலையிலும் போட முடியாது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சிறையில் இருந்தபடியே காஷ்மீரின் பாரமுல்லா தொகுதியில் நின்று ஜெயித்தவரைப் பார்த்தோம். அவர் நிற்கலாம், ஆனால் தனக்கே ஓட்டுப் போட முடியாது.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாதது அந்தப் பிரிவிலேயே இருக்கும் விதிவிலக்கு. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு, அதாவது இனிமேல் குற்றம் செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே அடைக்கப்பட்டவருக்கு, தபால் ஓட்டு உண்டு. அப்படியானால் நம் ஊரில் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் ஓட்டுப் போடலாம். அதே வளாகத்தில் சைக்கிள் திருடியதாக ரிமாண்டில் இருக்கும் பையனுக்குக் கிடையாது. 1997-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றபோது, கைதிகளை ஓட்டுப் போட வைக்கக் கூடுதல் போலீசும் ஏற்பாடும் வேண்டியிருக்கும் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. தபால் ஓட்டுச் சிறைக்குள் போய் வர விதிகளில் ஏற்கெனவே வழி இருக்கிறதே!

உங்கள் துண்டறிக்கையின் முதல் வரியில் யாருடைய கதையும் வேண்டாம். குண்டர் சட்டக் கைதியையும் ரிமாண்டு கைதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவருக்கு உண்டு, இவருக்கு ஏன் இல்லை என்று கேளுங்கள். நிருபர் வந்து “ஒரு பாதிக்கப்பட்டவரைக் காட்டுங்கள்” என்பார், அவரிடமும் இதே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே ஒரு மனுப் போடுங்கள்: கோவை மத்தியச் சிறையில் கடந்த தேர்தலின்போது தடுப்புக் காவலில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் தபால் வாக்குச்சீட்டு வந்தது? பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.