31 தோல்வி, ஒரு கோப்பை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அங்கே பேஸ்பால் டீமுக்கு ஸ்கோர் எழுதும் பகுதிநேர வேலை. பிப்ரவரியில் குதித்துக்கொண்டு ஆரம்பித்தான். போன வாரம் பேசினால் குரலே இறங்கிப்போயிருக்கிறது. 20 மேட்சில் 13 தோல்வியாம். "சித்தப்பா, சீசன் முடிஞ்ச மாதிரிதான். இன்னும் 36 மேட்ச் யாருக்காக எழுதணும்?" என்கிறான். எனக்குக் கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாது. நீங்கள் கலிஃபோர்னியாவில் இருந்தபோது கல்லூரி பேஸ்பால் பார்த்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அவனுக்கு நான் என்ன சொல்வது?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

2008இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்ற கலிஃபோர்னியக் கல்லூரியின் பேஸ்பால் டீம் முதல் 20 மேட்சில் 8 ஜெயித்து 12 தோற்றிருந்தது என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் டீமைவிட ஒரே ஒரு வெற்றி கூடுதல், அவ்வளவுதான். அந்த டீம்தான் அந்த ஆண்டு ஜூன் 25ஆம் தேதி, கடைசி 8 டீம்கள் மோதும் ஊரான ஒமாஹாவில், தேசிய சாம்பியன் ஆனது. மொத்தக் கணக்கு 47 வெற்றி, 31 தோல்வி.

31 தோல்வி என்பது கிரிக்கெட் பார்க்கிற நமக்கு நம்ப முடியாத எண். ஆனால் பேஸ்பாலில் தோல்வி வருகிற விதமே வேறு. பிட்சர், அதாவது பந்து எறிபவன், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிகிறான், ஒரு மேட்சில் நூறு பந்து எறிந்தால் அந்தத் தோள் திரும்பத் தேற ஐந்தாறு நாளாவது வேண்டும், அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியோடு மூன்று மேட்ச் ஆடும்போது மூன்று நாளும் வெவ்வேறு மூன்று பிட்சர்கள் தொடங்குவார்கள். வெள்ளிக்கிழமை ஆள்தான் டீமிலேயே சிறந்தவன். அப்புறம் செவ்வாயோ புதனோ நடுவில் இன்னொரு மேட்ச் வரும், அதற்குப் பெரும்பாலும் முதலாமாண்டுப் பையனைத்தான் இறக்குவார்கள். வெள்ளிக்கிழமை பார்த்த டீமும் செவ்வாய்க்கிழமை பார்க்கிற டீமும் சட்டையில்தான் ஒன்று. இதில் 13 தோல்வியை மட்டும் கூட்டிப் பார்த்தால் எதுவும் புரியாது. அந்த 13இல் எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை செவ்வாய்க்கிழமை என்று முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் கல்லூரி வடக்கே குளிர்ப் பக்கம் என்றால் இன்னொன்றும் உண்டு. பனி விலகும்வரை அந்த ஊர் டீம்கள் தெற்கே போய் அடுத்தவர் மைதானத்தில்தான் ஆடியாக வேண்டும். பிப்ரவரி, மார்ச் கணக்கு அவர்களுக்கு எப்போதுமே மோசமாகத்தான் இருக்கும்.

ஃப்ரெஸ்னோ கதைக்கு வருகிறேன். அந்த ஊர் கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் இருக்கிறது, சுற்றிலும் திராட்சைத் தோட்டம், பாதாம் தோட்டம், வெயில். நான் இருந்த இடத்திலிருந்து சில மணி நேரக் கார் பயணம். அவர்களுடைய வெள்ளிக்கிழமை ஆள் டானர் ஷெப்பர்ஸ். சீசன் கடைசியில் அவருக்குத் தோள் போய்விட்டது. அதாவது முக்கியமான மேட்ச்கள் வரும் நேரத்தில் முக்கியமான ஆள் இல்லை. தங்கள் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் கூட்டமைப்பு) போட்டியை வென்று, தேசியப் போட்டியின் 64 டீம்களுக்குள் வந்தார்கள். அந்த 64ஐ நான்கு நான்காகப் பிரிப்பார்கள், ஃப்ரெஸ்னோவுக்குக் கிடைத்தது தன் பிரிவில் நான்காவது, அதாவது கடைசி இடம். அதுவரை அந்த இடத்திலிருந்து யாரும் கோப்பை வரை போனதில்லை.

இந்த முதல் சுற்றில் ஒரு மேட்ச் தோற்றால் வெளியேற வேண்டியதில்லை, இரண்டாவது தோல்விதான் வெளியே அனுப்பும். அடுத்த சுற்றில் மூன்று மேட்சில் இரண்டை ஜெயிக்க வேண்டும். அப்படித்தான் ஒமாஹா வரை. எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த விஷயம் இதுதான், தோற்ற மறுநாள் காலை திரும்ப மைதானத்துக்கு வரலாம். அந்தச் சுற்றில் அரிசோனா ஸ்டேட்டோடு முதல் மேட்சில் 12-4 என்று அடி வாங்கி அடுத்த இரண்டையும் ஜெயித்தார்கள். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலையில் அந்த ஆண்டு 6 மேட்ச் ஆடினார்கள், ஆறையும் ஜெயித்தார்கள். இறுதியில் ஜார்ஜியாவுடன் முதல் மேட்ச் 7-6 தோல்வி. இரண்டாவதில் 5-0 என்று பின்தங்கி, கடைசியில் 19-10 என்று ஜெயித்தார்கள். அந்த ராத்திரி நான் டிவி முன்னால் எழுந்து நின்றே பார்த்தேன்.

மூன்றாவது மேட்ச் 6-1. அந்த 6 ரன்னையும் உள்ளே கொண்டுவந்தது ஸ்டீவ் டெட்வைலர் ஒருவரே. இரண்டு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), அதுவும் கட்டைவிரலில் தசைநார் கிழிந்த நிலையில். கடைசி கேட்சும் அவர் கையில்தான் விழுந்தது. ஒமாஹாவின் சிறந்த வீரர் விருது டாமி மெண்டோன்சாவுக்குப் போனது. அந்த சீசனில் அவர் 99 தடவை ஸ்டிரைக் அவுட், அதாவது மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட், ஆனவர். 99 தடவை வெறுங்கையோடு திரும்பி வந்த பையனைக் கோச் உட்கார வைக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இறுதி மேட்சில் பிட்சர் ஜஸ்டின் வில்சன் மூன்று நாள் ஓய்வோடு வந்து 8 இன்னிங்ஸில் 129 பந்து எறிந்தார். அவர் பின்னர் தொழில்முறை மேஜர் லீகில் பல ஆண்டுகள் ஆடினார், நல்லது. ஆனால் எனக்கு இன்றும் அந்த 129 உறுத்துகிறது. இருபது வயதுப் பையனின் தோள் அது. கோப்பைக்காக அந்தத் தோளை அவ்வளவு தூரம் கேட்டது தவறு என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன் மகனின் டீம் ஒமாஹா போகும் என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டுப் பிரிவான டிவிஷன் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 300 கல்லூரிகள், ஒமாஹாவுக்குப் போவது 8. அவன் டீமும் பெரும்பாலும் மே மாதம் ஏதோ ஒரு வார இறுதியோடு முடித்துக்கொள்ளும். அதற்காக அவன் எழுதுவது வீண் ஆகிவிடாது. செவ்வாய்க்கிழமை அடி வாங்குகிற அந்த முதலாமாண்டுப் பையன் மார்ச்சில் எத்தனை பந்தில் ஓர் இன்னிங்ஸ் முடித்தான், ஏப்ரலில் எத்தனை பந்தில் முடித்தான் என்பது ஸ்கோர் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். கோச்கூட அதைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் யாரை இறக்குவது என்று முடிவெடுப்பார்.

ஒவ்வொரு பிட்சர் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு எண் குறித்து வைக்கச் சொல்லுங்கள்: இன்று எறிந்த பந்துகள், கடைசியாக எறிந்து எத்தனை நாள். மே கடைசியில் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும், நான் உட்கார்ந்து படிக்கிறேன்.