வாசகர் கேள்வி: "எழுதினா சோறு கிடைக்குமா?"

கேள்வி: அக்கா, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டோடு இருக்கிறேன். எங்கள் அம்மாயிக்குத் தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலையில் பாடிய பாட்டெல்லாம் நிறையத் தெரியும். இரண்டு வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். ஆனால் நினைத்தால்தான் எழுதுவேன், சிலசமயம் இரண்டு மாதம் தொடவே மாட்டேன். டீச்சராக வேண்டும் என்பது ஆசை. மாமாவோ "எழுதினா சோறு கிடைக்குமா, கொழும்பில் கடை வேலைக்குப் போ" என்கிறார். ஒழுங்காக எழுதினால் உண்மையிலேயே பிரயோசனம் உண்டா?
– பொகவந்தலாவை வாசகி

பதில்: தங்கச்சி, மாமாவைக் கோபிக்க வேண்டாம், அவர் கேட்பது நியாயமான கேள்வி. எழுத்தை மட்டும் நம்பி அடுப்பு எரியாது, இருபது வருடமாக எழுதுகிற எனக்கே எரியவில்லை, சம்பளத்துக்கு வேறு வேலைதான் பார்க்கிறேன். ஆனால் அந்த வேலை கிடைத்ததே எழுத்தால்தான். நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது என்னிடம் பெரிய சான்றிதழ் ஒன்றும் இல்லை, வாராவாரம் எழுதியவற்றைக் கோர்த்து வைத்திருந்த ஒரு பைல்தான் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு நாள் விடாமல் எழுதினீர்களா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, அது வேறு விஷயம்!

ஆக, உங்கள் கொப்பியில் பாட்டு குறைவு என்பதல்ல குறை, அந்த இரண்டு மாத இடைவெளிதான் குறை. கொழுந்து எடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஏழெட்டு நாளில் அந்த மலைக்குத் திரும்பப் போகாவிட்டால் கொழுந்து முற்றிப்போகும். அம்மாயியின் ஞாபகமும் அப்படித்தான். பிரட்டு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுவது) இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ஒரே ஒரு பாட்டு கேளுங்கள். நாலு ஞாயிறு போகட்டும், அஞ்சாவது ஞாயிறு நீங்கள் கேட்கும் முன்பே "நேத்து ராத்திரி ஒண்ணு ஞாபகம் வந்துச்சு" என்று அவரே ஆரம்பிப்பார். கிழமை தவறாமல் போய் உட்கார்ந்தால் அவருக்கும் அது பழகிவிடும்.

எழுதும்போது பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கே பாடினார், துக்க வீட்டிலா தொட்டிலருகிலா, யாரிடம் கேட்டுப் படித்தார், தேதி என்ன, எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். சொல்லைத் திருத்தவும் வேண்டாம், அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். நம் பழைய பாட்டுகளில் கோப்பிச் செடி வரும், கவனித்திருப்பீர்கள். இலைநோய் 1869இல் தெரியவந்து, அதற்கப்புறம் கொஞ்ச வருடத்திலேயே இந்த மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பித் தோட்டத்தைக் கண்ணால் பார்க்காத பெண்களும் அதைப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்படி ஒரு சொல்லைப் பிடித்து, அது ஏன் அங்கே வந்தது என்று நாலு வரி எழுதிப் பாருங்கள். அந்த நாலு வரியை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுத முடிந்துவிட்டால் டீச்சர் வேலையில் பாதி பழகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நம் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். தொழிற்சங்கம், கூட்டம் என்று ஓடிய மனிதர்தான் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். நமக்கு நேரம் இல்லை என்று சொல்ல வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். டீச்சராகப் படிக்கப் பத்தனை கல்வியியற் கல்லூரிக்குப் போக முதலில் உயர்தரப் பெறுபேறு வேண்டும், கொப்பியைக் காட்டி உள்ளே போக முடியாது. ஆனால் நேர்முகத்தில் "உங்களுக்கு எதில் ஈடுபாடு?" என்று கேட்டால் மற்றவர்கள் "வாசிப்பு, தோட்டக்கலை" என்று ஒப்புவிக்கும்போது நீங்கள் நூறு பாட்டை மேசையில் வைக்கலாம். மாமாவிடம் இப்போதைக்கு ஒன்றும் வாதாட வேண்டாம். முடிந்தால் அவருக்குத் தெரிந்த பாட்டு ஒன்றைக் கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி: எல்லவில் ஒரு தங்குமிடத்தில் வேலை செய்கிறேன். கைடாக வர ஆசை. விடாமல் எழுதச் சொல்கிறீர்கள், இங்கே தினமும் ஒரே மாதிரிதான் போகிறது, எதை எழுத?
– பண்டாரவளை வாசகர்

பதில்: தம்பி, உங்களிடம் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டு, உங்களுக்குப் பதில் தெரியாமல் சிரித்துச் சமாளித்த கேள்விகளை எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். எல்லவில் இருக்கிற ஒன்பது வளைவு ரயில் பாலத்தை எப்போது கட்டினார்கள், எதால் கட்டினார்கள்? (1921இல் முடிந்தது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான்.) ஊவாத் தேயிலைக்கு ஏன் தனி வாசம்? ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மலையின் இந்தப் பக்கம் வீசுகிற காய்ந்த காற்றுதான் காரணம், அதே நாட்களில் ஹட்டன் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும். இப்படிப் பதிலைத் தேடி இரவே எழுதிவிடுங்கள், காலையில் எழுதலாம் என்று படுத்தால் எழுத மாட்டீர்கள், நான் பட்டவள். ஒரு சீசன் முடியும்போது புத்தகக் கடையில் கிடைக்கிற கையேட்டில் இல்லாதது உங்கள் கொப்பியில் இருக்கும்.

கேள்வி: எழுத்துப்பிழை நிறைய வருகிறது. முதலில் இலக்கணம் படித்துவிட்டு எழுதலாமா?
– மஸ்கெலியா வாசகி

பதில்: வேண்டாம். இன்றைக்கே எழுதுங்கள், பிழையை அடுத்த வாரம் சிவப்புப் பேனாவால் நீங்களே திருத்துங்கள். ல, ள, ழ எனக்கும் இன்னும் தகராறுதான்.