கனடாவின் ஊசியிலைக் காடுகள் காலங்காலமாக எரிபவைதானே, அவற்றைக் காக்கக் காலநிலைக் கொள்கை எதற்கு?

எரிவது இயற்கைதான். ஜாக் பைன் மரத்தின் கூம்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிசின் வைத்து ஒட்டியதுபோல இறுக மூடியிருக்கும். தீயின் சூடு பட்டால்தான் விரிந்து விதை கொட்டும். மாறியிருப்பது எரியும் அளவு. 2023-இல் மட்டும் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. யெல்லோநைஃப் நகரத்தையே காலி செய்தார்கள்.

இந்தக் காடுகளில் மரத்தைவிட மண்ணில்தான் கரிமம் அதிகம். பல நூற்றாண்டுகளாக மட்காமல் சேர்ந்த பாசியும் வேரும் அது. வெப்பம் கூடி அது வறண்டுபோனால் தீ அதற்குள் இறங்கிவிடும். பனிக்கு அடியில் குளிர்காலம் முழுக்கக் கனன்று, வசந்தத்தில் மறுபடி மேலே வரும். அப்போது தண்ணீர் ஊற்றி என்ன பயன்? புவி சூடாவதைக் குறைக்காமல் இதற்கு விடிவில்லை.

காட்டு மேலாண்மைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆஸ்பென் போன்ற அகன்ற இலை மரங்கள் ஈரப்பதம் மிக்கவை, தீயைத் தணிப்பவை. மரத்தொழிலுக்காக அவற்றைக் களைக்கொல்லி தெளித்து அழித்தது பெரும் தவறு என்பேன். பூர்வகுடிகள் வசந்தத்தில் சிறுதீ மூட்டிச் சருகைக் குறைத்துவந்தார்கள். அதையும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இப்போதுதான் அந்த வழக்கம் மெல்லத் திரும்புகிறது.

இன்னொன்று, கனடா தன் உமிழ்வு இலக்கைக் கணக்கிடும்போது காட்டுத்தீப் புகையை 'இயற்கைச் சீற்றம்' என்று தனியே ஒதுக்கிவிடுகிறது. வளிமண்டலத்தில் அப்படி எந்த ஒதுக்கீடும் இல்லை.