ஓட்டை போட்டது அவர், காசு யாருடையது? வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. வேலைக்கு வந்தவர் எதையோ உடைத்துவிட்டார், யார் காசு கொடுப்பது? முப்பது வருஷமாக சென்னையில் கட்டட வேலை எடுத்துச் செய்தவன் நான். என் ஆட்கள் உடைத்ததற்கும் கொடுத்திருக்கிறேன், என் வீட்டில் மற்றவர்கள் உடைத்ததற்கும் வாங்கியிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துக்கும் திட்டு உண்டு.

பாத்ரூம் கசிவைச் சரிசெய்ய வந்த பிளம்பர் நாலு டைல்ஸை உடைத்து, பைப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விட்டார். டைல்ஸ் காசை அவரிடம் கேட்கலாமா? (வாசகி, நங்கநல்லூர்)

கேட்க முடியாது அம்மா. சுவருக்குள் இருக்கும் பைப்பை டைல்ஸை உடைக்காமல் எப்படி மாற்றுவார்? நாலு உடைக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டை உடைத்திருந்தால் சண்டைக்குப் போகலாம். திரும்ப ஒட்டுவது கொத்தனார் வேலை. கூலி பேசும்போதே 'மூடிக் கொடுப்பது யார்' என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு நிஜமான தலைவலி அதே டைல்ஸ் கிடைக்காததுதான், ஏனென்றால் மாடல் ஒன்றாக இருந்தாலும் பேட்ச் மாறினால் ஷேடு மாறிவிடும். வீடு முடியும்போது ஒரு பெட்டி டைல்ஸைப் பரணில் போட்டு வையுங்கள் என்று இங்கே எத்தனை தடவை எழுதியாச்சு!

ஆசாரி பொருளை உடைத்துவிட்டார். நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும்? (வாசகர், போரூர்)

என்ன பொருள்? எப்போது உடைந்தது? கூலி முழுசும் கொடுத்தாச்சா? நட்சத்திரம்கூடச் சொல்லாமல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறீர்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ஆப் மூலம் வந்த ஏசி மெக்கானிக், பெட்ரூம் சுவரில் இண்டோர் பிளேட் அடிக்க டிரில் போட்டபோது சுவருக்குள் புதைத்த கன்சீல்டு பைப் ஓட்டையாகிவிட்டது. தண்ணீர் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. கீழ் வீட்டு பால்ஸ் சீலிங்கும் போச்சு. 'லைன் எங்கே போகுதுன்னு கேட்டேன், தெரியாது, நீங்க போடுங்கன்னு சொன்னீங்க' என்கிறார் மெக்கானிக். யார் கொடுப்பது? (வாசகர், வேளச்சேரி)

இது என் வயிற்றெரிச்சல் கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கிறது என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. அது நாலரை இன்ச் சுவராக இருந்தால் பாத்ரூம் பக்கம் காடி வெட்டிப் பைப்பைப் புதைத்த பிறகு பெட்ரூம் பக்கம் மிச்சம் இருப்பது இரண்டு இன்ச்தான், சில வீடுகளில் அதுவும் இருக்காது. பைப் பொதுவாகக் குழாயிலிருந்து நேராக மேலே போகும், அல்லது நேராகப் பக்கவாட்டில் போகும். கீசர் பாயிண்ட் ஆறடி உயரத்தில் இருக்கும், ஏசி பிளேட்டை ஏழடியில் அடிக்கிறார்கள், அப்புறம் என்ன ஆகும்? நாலு வருஷம் ஏசி மாட்டிய எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பாத்ரூமுக்குள் போய் குழாய், ஷவர், கீசர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவர இரண்டு நிமிஷம் ஆகும். நீங்கள் 'தெரியாது' என்று சொன்ன அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்க வேண்டும். கேட்டேன் என்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது.

ஆனால் நீங்களும் 'போடுங்க' என்றீர்களே. முக்கால் மணி நேரம் தண்ணீர் கொட்டியதற்குக் காரணம், மொட்டை மாடியில் உங்கள் வீட்டு வால்வு எது என்று உங்களுக்குத் தெரியாதது. நஷ்டத்தைக் குறைக்க வழியிருந்தும் குறைக்காதவருக்கு முழு ஈடு கிடைக்காது என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கும் கணக்கு, 73-ஆம் பிரிவு. என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருந்தால் முக்கால் பங்கை மெக்கானிக் பக்கமும் கால் பங்கை உங்கள் தலையிலும் வைத்திருப்பேன். பைப் நேராகப் போகாமல், ஒரு எல்போ (பைப்பைத் திருப்பும் மூட்டு) மிச்சம் பிடிக்கிறேன் என்று குறுக்கே சாய்வாகப் போயிருந்தால் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது, அது கட்டியவர் செய்த அக்கிரமம்.

கீழ் வீட்டுக்காரருக்கு மெக்கானிக் யாரென்றே தெரியாது, அவர் உங்கள் கதவைத்தான் தட்டுவார். அவருடைய சீலிங்கை முதலில் சரிசெய்து கொடுத்துவிட்டு, பில்லை வாங்கி உங்கள் கணக்கோடு சேர்த்துக் கேளுங்கள். மெக்கானிக் பையனிடம் கேட்காதீர்கள். ஆப் கம்பெனியிடம் கேளுங்கள், புகாரை ஆப்பிலேயே, அன்றைக்கே போடுங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகள்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இனி வயிற்றெரிச்சல். பல வருஷம் முன்னால் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டில் வாஷ்பேசினுக்கு மேல் கண்ணாடி மாட்ட என் ஆள் டிரில் போட்டான், நேராகப் பைப்பில் இறங்கியது. பிளம்பர், கொத்தனார், பெயின்டர் என்று சுற்றி முடித்தபோது பதினஞ்சாயிரம் பக்கம் ஆகிவிட்டது, என் ஆள் என்பதால் நான்தான் முழுசும் கொடுத்தேன். கொடுத்து முடித்த பிறகு அந்த வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து, லேமினேட் செய்த பைப் லைன் டிராயிங்கை எடுத்துக் காட்டி, 'இதோ பாருங்க, இங்கதான் போகுது, உங்க ஆள் கவனிச்சிருக்கலாம்' என்றார். பீரோவுக்குள் இருந்ததை என் ஆள் எப்படிக் கவனிப்பான்? அவராவது டிராயிங் வைத்திருந்தார். இன்றைக்கு ஒன்றரைக் கோடி கொடுத்து வீடு வாங்குகிறவர்கள் கிரகப்பிரவேசத்துக்கு ட்ரோன் வைத்து வீடியோ எடுக்கிறார்கள், பைப்பும் ஒயரும் போட்டுப் பூசுவதற்கு முன்னால் சுவரை ஒரு போட்டோ எடுக்க ஆளில்லை. பூசுவதற்கு முன் போட்டோ எடுங்கள். பக்கத்தில் டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிகிற மாதிரி எடுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறேன் என்று யாராவது எழுதுவார்கள். அந்த விலையில் வருவது கம்பியையும் கரண்ட் ஓடும் ஒயரையும் காட்டும், சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்பைக் காட்டாது.

சர்வீஸுக்கு விட்ட பைக்கைக் கடைப் பையன் ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போய் மோதிவிட்டான். 'அவன் மெதுவாத்தான் ஓட்டினான், லாரிக்காரன் மேல்தான் தப்பு' என்கிறார் கடைக்காரர். (வாசகர், பெரம்பூர்)

கடைக்காரர்தான் கொடுக்க வேண்டும். பிரேக் சரியாக இருக்கிறதா என்று தெருவில் ஒரு ரவுண்டு போவது வேறு, வீட்டுக்கு எடுத்துப் போவது வேறு. ஒப்பந்தச் சட்டம் 154-ஆம் பிரிவு: நம்பிக் கொடுத்த பொருளைச் சொன்ன காரியத்துக்கு இல்லாமல் வேறு எதற்காவது பயன்படுத்தினால், அப்போது வரும் சேதத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஜாக்கிரதையாக ஓட்டினேன் என்பதெல்லாம் எடுபடாது. சட்டத்திலேயே இதற்குக் குதிரைக் கதை இருக்கிறது: கல்கத்தாவிலிருந்து காசிக்குப் போக என்று வாடகைக்கு எடுத்த குதிரையை ஒருவர் கட்டாக்குக்கு ஓட்டிக்கொண்டு போகிறார், குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது, ஓட்டியவர் கொடுக்க வேண்டும். உங்கள் பைக்கும் கட்டாக்குக்குப் போன குதிரைதான்.

கிளீனிங் ஆட்கள் ஹால் மார்பிளில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள். பளபளப்பு போய்விட்டது. (வாசகி, அண்ணா நகர்)

மார்பிள் சுண்ணாம்புக் கல் இனம், ஆசிட் பட்டால் அரிக்கத்தான் செய்யும். தொழில் தெரிந்தவர் என்று வந்தவர் இதைத் தெரியாமல் செய்தால் ரீ-பாலிஷ் செலவு அவருடையது. ஆசிட் பாட்டிலை வாங்கிக் கொடுத்தது நீங்கள் என்றால் கடிதத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

எலக்ட்ரீஷியன் மெயின் பாக்ஸில் வேலை செய்துவிட்டு ஆன் செய்ததும் டிவி, பிரிட்ஜ், வைஃபை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது. 'ஈபி லைன் கோளாறு' என்கிறார். எட்டு வருஷ டிவி, புதுசு வாங்கித் தரச் சொல்லலாமா? (வாசகர், கொளத்தூர்)

உங்கள் வீட்டில் த்ரீ ஃபேஸ் இருந்தால் நியூட்ரல் ஒயரின் இணைப்பு விட்டுப்போயிருக்கும். அப்படி ஆனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி, ஓடிக்கொண்டிருப்பதையெல்லாம் அடித்துவிடும். ஈபி லைன் கோளாறா இல்லையா என்று கண்டுபிடிப்பது சுலபம். பக்கத்து வீடுகளிலும் போயிருந்தால் லைன் கோளாறு. உங்கள் வீட்டில் மட்டும், அதுவும் அவர் கை வைத்த அதே நிமிஷத்தில் என்றால் அவர்தான். லைசென்ஸ் உள்ள இன்னொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு என்ன தப்பு என்று எழுதி வாங்குங்கள். சர்வீஸ் சென்டரிலும் அதிக வோல்டேஜால் போனது என்று எழுதி வாங்குங்கள். எரிந்த போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புது டிவி கேட்பது பேராசை. ரிப்பேர் செலவு கேளுங்கள், ரிப்பேரே ஆகாது என்றால் எட்டு வருஷ டிவிக்கு இன்றைக்கு என்ன மதிப்போ அதைக் கேளுங்கள். நாற்பதாயிரத்துக்கு வாங்கியது என்றாலும் இன்றைக்கு அது ஐந்தாறாயிரம் பெறுமா என்பதே சந்தேகம்.

கொடுக்க மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள். ஆனால் கையில் பில் இல்லை, ஜிபே இல்லை, ரொக்கமாகக் கொடுத்தேன், அவர் பேர் 'கரண்டு பாய்' என்று போனில் சேமித்திருக்கிறேன் என்றால் ஆணையத்தில் எதைக் காட்டுவீர்கள்?

வீட்டு வேலை செய்யும் அம்மா மிக்ஸி ஜாரை உடைத்துவிட்டார். சம்பளத்தில் பிடிக்கலாமா? (வாசகி, மயிலாப்பூர்)

மாதம் முழுக்க உங்கள் பாத்திரத்தைத் தேய்க்கிறவரிடம் ஒரு ஜாருக்குக் கணக்கா? நீங்கள் உடைத்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள்? அடுத்த கேள்வி.

டிரை கிளீனிங் கொடுத்த பட்டுப்புடவை சாயம் போய் வந்தது. பில்லில் 'சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறார்கள். (வாசகி, மேற்கு மாம்பலம்)

பில்லுக்குக் கீழே எறும்பு சைஸில் அச்சடித்த வரி பெரும்பாலும் அவரைக் காப்பாற்றாது. தன் பொருளை ஒரு சாதாரண மனுஷன் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி உங்கள் புடவையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவு. கொடுக்கும்போது 'சாயம் நிற்குமா தெரியாது' என்று முன்கூட்டியே சொல்லி, நீங்களும் சரி என்றிருந்தால் மட்டும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. புடவையைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்தீர்களா? இல்லையா? அதானே.

தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்து கேட்டை இடித்துவிட்டது. (வாசகர், மேடவாக்கம்)

டிரைவர் கையில் இருக்கும் ஐந்நூறை வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். லாரி நம்பர், போட்டோ, போலீஸில் ஒரு புகார், லாரி ஓனரின் இன்சூரன்ஸ் காப்பி. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் அடுத்தவர் சொத்துக்கான சேதமும் அடங்கும், உங்கள் கேட்டும் அதில் சேர்த்தி.

நான் பிளம்பர். பழைய வீட்டில் குழாய் மாற்றும்போது சுவருக்குள் இருந்த ஜிஐ (இரும்பு) பைப் முறிந்துவிட்டது, அதில் வாஷ்பேசினும் விரிசல் விட்டது. 'எல்லாம் நீ உடைத்தது' என்று என் பேலன்ஸ் ஆறாயிரத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார் வீட்டுக்காரர். (வாசகர், வில்லிவாக்கம்)

தம்பி, இந்தப் பக்கத்துக்குத் தொழில்காரர்கள் எழுதுவது அபூர்வம், சந்தோஷம். இருபத்தைந்து வருஷ ஜிஐ பைப் உள்ளே துருவேறி மரை தேய்ந்து கிடக்கும், ரென்ச் வைத்தாலே முறியும். அது உங்கள் தப்பில்லை, ஆனால் கை வைக்கும் முன் சொன்னீர்களா? 'சார், பைப் பழசு, முறியலாம், முறிஞ்சா சுவரை உடைக்கணும், பரவாயில்லையா' என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவோடு அனுப்பி அவர் 'ஓகே' போட்ட பிறகு தொட்டிருந்தால் இன்றைக்கு வாய் திறந்திருக்க மாட்டார். வாஷ்பேசின் விரிசலை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், கழற்றி ஓரமாக வைத்திருக்கலாம்.

ஆனால் அதற்காக ஆறாயிரத்தையும் பிடிக்க அவருக்கு உரிமை கிடையாது. அந்த மாடல் பேசின் இரண்டாயிரம் பக்கம் இருக்கும், கடையில் விலைச் சீட்டு வாங்கி அவருக்கு அனுப்புங்கள், மாட்டும் கூலியை விட்டுக்கொடுங்கள், மிச்சம் நாலாயிரத்தைக் கேளுங்கள். நேரில் போய் சத்தம் போட வேண்டாம், மெசேஜில் கேளுங்கள், பதில் உங்கள் கையில் இருக்கும். உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது, இதற்குள் அவர் கொடுத்திருந்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.